சாகாத இருவர்

அன்புள்ள குண்டூசி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலாம். வாத்தியார் இன்னமும் யாரையும் பேசவிடுவதில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

என் நாவலின் கைப்பிரதி பதிப்பாளரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. பாராட்டுக்குக் குறைவில்லை. கடைசி அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் ஒரு வரி: "இருவரில் ஒருத்தி இறந்தால் கதைக்குக் கனம் கூடும்." அந்த அத்தியாயத்தில், ஒருவரையொருவர் காதலிக்கும் அந்த இரண்டு பெண்களும் செய்வது இவ்வளவுதான்: மழை வரும்போது துணியை யார் எடுப்பது என்று சண்டை போடுகிறார்கள். பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகும் ஒருத்தி மற்றவளின் போர்வையையும் சேர்த்து மடித்து வைக்கிறாள். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அது. பார்த்துப் பார்த்து அதற்கா கொள்ளி வைக்க வேண்டும்?

நீ சிரிப்பாய். "இதிலும் செத்துவிட்டாள், படிக்காதே" என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடமிருந்து எத்தனை புத்தகங்களைப் பிடுங்கியிருக்கிறாய்!

இது பழைய நோய். 1952இல் அமெரிக்காவில் வந்த 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலில் இரண்டு மாணவிகள் காதலிக்கிறார்கள். சந்தோஷமாக முடித்தால், ஆபாசம் என்று சொல்லித் தபால் துறை பிரதிகளைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியருக்குப் பயம். ஆகவே ஒருத்திக்குப் பைத்தியம் பிடித்தது, மற்றவள் தான் காதலிக்கவே இல்லை என்றாள். அதே ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீஷியா ஹைஸ்மித் தன் நாவலில் காதலிக்கும் இரண்டு பெண்களைக் கடைசியில் சேரவிட்டார். ஆனால் அட்டையில் புனைபெயர். சொந்தப் பெயர் ஏறுவதற்கு 1990 ஆகிவிட்டது. ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் காதலிக்கும் இரண்டு ஆண்களுக்கு நல்ல முடிவு கொடுத்து 'மாரிஸ்' நாவலை 1914லேயே எழுதிவிட்டு, நண்பர்களுக்கு மட்டும் காட்டி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1971இல்தான் அது அச்சேறியது. பாத்திரங்களைப் பிழைக்கவிட்டவர்கள் தாங்கள் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது.

என் பதிப்பாளருக்குத் தபால் துறைப் பயம் கிடையாது. பொல்லாதவரும் இல்லை, அனுதாபத்தோடுதான் கேட்கிறார். எரிச்சலே அதில்தான். செத்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம்; உயிரோடு இருப்பவளோடு பழகியாக வேண்டுமே! "இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று ஓர் அத்தியாயம் சேர்க்கலாமே" என்று இன்னொரு யோசனை வேறு. நாயகனும் நாயகியும் காதலித்தால் காரணம் கேட்பாரா?

என் கதையில் யாருமே சாகக்கூடாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. காய்ச்சல் வரட்டும், விபத்து நடக்கட்டும். காதலித்த குற்றத்துக்காகச் சாகடிக்க மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. நான் இன்னாரென்று உன்னிடம்கூடச் சொல்லாமல் இருந்த நாட்களில், என்னைப் போன்ற ஒருத்தி முப்பதைத் தாண்டினால் எப்படி இருப்பாள் என்று எனக்கு எந்தக் கதையும் காட்டவில்லை. ஐம்பது வயதில் மூக்குக்கண்ணாடியைத் தேடித் திட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பார்த்திருந்தால்கூடப் போதும், தைரியமாக இருந்திருப்பேன்.

கைப்பிரதியை அனுப்புகிறேன். அந்தச் சண்டை சப்பென்று இருந்தால் தயங்காமல் சொல், திருத்துகிறேன். உன் வீட்டுக்காரருக்கு வேறு பதிப்பாளர் யாரையாவது தெரியுமா என்றும் கேட்டு எழுது.

உன்,
ஓட்டைப்பல்