புகை வருதா, பார்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். அன்றைக்குப் போனில், "லாரி கிளம்பாமல் ஒரு நாள் சம்பளம் போச்சாமே, என்னடா ஆச்சு?" என்று கேட்டீர்கள். பேட்டரி டவுன் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அது பாதிதான் உண்மை. மீதியையும் உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. வேறு யாருக்கு எழுதினாலும் "பனி எப்படி இருக்கு, போட்டோ அனுப்பு" என்பார்கள்.

அன்றைக்குக் காலை மைனஸ் 27 டிகிரி. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டால் நட்டு பிடிபடாது, கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் மரத்துவிடும். நம் பட்டறையில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இங்கே ஒரு மணி நேரம் ஆகிறது.

இங்கே லாரிக்கெல்லாம் முன்பக்கம் ஒரு ப்ளக் வயர் தொங்கும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, லாரிக்கு எதற்கு ப்ளக் என்று. வாளித் தண்ணீரில் போடுவோமே ஹீட்டர் ராடு, அதே சங்கதிதான். இன்ஜின் ப்ளாக்கில் கூலண்ட் ஓடும் இடத்தில் 1500 வாட் காயில் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் கம்பத்துக்குக் கம்பம் ப்ளக் பாயிண்ட் உண்டு. இரவு மாட்டிவிட்டால் காலையில் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும். நானும் மாட்டினேன், போய்ப் படுத்தேன். நான் மாட்டிய கம்பத்தில் ப்ரேக்கர் விழுந்து, கரண்டே இல்லாமல் கிடந்தது. அது எனக்குத் தெரிந்தது மறுநாள் மத்தியானம்தான்.

காலையில் சாவியைத் திருப்பி, உள்ளே போகிற காற்றைச் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, செல்ஃப் அடித்தேன். "ர்ர்ர்... ம்... ர்ர்ர்... ம்" என்று முனகியது. இன்ஜின் ஆயில் பசை மாதிரி இறுகிவிட்டால் பிஸ்டனை ஓட்டும் க்ராங்க் தண்டு சுற்றுவதே பெரும்பாடு. மைனஸ் 18-க்கு வரும்போதே பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே சமயம் இன்ஜினோ வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்கும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்றின் சூடெல்லாம் சில்லென்ற சிலிண்டர் சுவருக்கே போய்விடும். சாதாரண நாளில் 17-க்கு 1 அமுக்கத்தில் 500 டிகிரி அளவுக்கு ஏறுகிற காற்று, அன்றைக்கு டீசலைப் பற்றவைக்கிற சூட்டைத் தொட்டிருக்காது. ஸ்பார்க் ப்ளக் இல்லாத இன்ஜினுக்கு அந்தச் சூடுதானே தீக்குச்சி.

நாம் பார்த்த லாரிகளில் இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோத்து 24 வோல்ட். இந்த வண்டியில் நான்கு பேட்டரி, எல்லாம் இணையாக, 12 வோல்ட்தான். ஒன்று படுத்தால் மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மீட்டர் வைத்தேன், 12.1 காட்டியது. நிறைந்திருந்தால் 12.6 இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 8-க்குக் கீழே விழுந்தது. சரி, பேட்டரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து லாரிக்காரர், தன் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்க ஜம்பர் கேபிளோடு வந்தார். தாடி முழுக்க நரைத்த மனிதர். கேபிளை மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்து நான்கு பேட்டரியையும் சுற்றிப் பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன். பக்கம் உப்பியிருக்கிறதா என்று பார்த்தாராம். நிறைந்த பேட்டரி மைனஸ் 50-ஐயும் தாங்கும். காலியான பேட்டரியில் அமிலம் தண்ணீராக நீர்த்துப்போயிருக்கும், அதனால் மைனஸ் 10-க்கு முன்னாலேயே உறைந்துவிடும். உறைந்ததற்குக் கரண்ட் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும். அப்புறம் என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட்டது. அந்தக் குளிரில் ஒரு க்ளாம்ப் சுடுகிறதென்றால் கரண்ட் அங்கே தடைபட்டுச் சூடாக வீணாகிறது என்றுதானே அர்த்தம். கழற்றினால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டி, இறுக்கி, கேபிள் மாட்டியதும் இன்ஜின் ஜோராகச் சுற்றியது.

சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

நான் விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தேன். முப்பது விநாடிக்கு மேல் அடிக்காதே, இரண்டு நிமிடம் மோட்டாரை ஆற விடு என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறீர்கள்! அவசரத்தில் எல்லாம் மறந்துபோனது. கடைசியில், சட்டென்று பற்றிக்கொள்ளும் ஈதர் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தேன். பழைய வண்டிக்கு ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணி காட்டுவோமே, அதே நினைப்பு. பெரியவர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். இந்த இன்ஜினில் காற்று போகும் வழியில் ஒரு ஹீட்டர் க்ரிட் இருக்கிறது, சாவி போட்டதும் பழுக்கும். அதன்மேல் ஈதர் பட்டால் இன்டேக்கிலேயே தீப்பிடிக்கும், பிஸ்டன் ரிங்கும் உடையலாம். சிலிண்டருக்குள்ளேயே சூடாகும் ஹீட்டர் ப்ளக் உள்ள இன்ஜினுக்கும் இதே கதிதான்.

டப்பாவைத் தூர வைத்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "புகை வருதா?"

சித்தப்பா, எனக்கு உங்கள் குரலே கேட்டது மாதிரி இருந்தது. கிளம்பாத வண்டி பட்டறைக்கு வந்தால், கையைத் துடைத்துக்கொண்டே முதலில் அதைத்தானே கேட்பீர்கள். நான் சைலன்ஸர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். ஒரு இழை புகை இல்லை. வெள்ளைப் புகை வந்திருந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதாமல் எரியவில்லை என்று ஹீட்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்கலாம். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. இருபது நிமிடம் நான் வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஃபில்டரைக் கழற்றினோம். மார்கழிக் காலையில் புட்டிக்குள் தேங்காயெண்ணெய் இருக்குமே, அப்படி இருந்தது. அடியில் வெள்ளையாகத் திப்பித்திப்பியாக மெழுகு, மேலே கலங்கிய டீசல். விரலால் வழித்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தில் அரை விரல்கடை ஐஸ்.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு உண்டு. குளிர்ந்தால் அது படிகமாகப் பிரியும். சில டீசல் 0-க்குக் கொஞ்சம் கீழே போனதுமே கலங்கும், சிலது மைனஸ் 10 தாண்டியும் தாங்கும். டாங்கில் டீசல் ஓடுகிற பதத்தில்தான் இருக்கும், ஆனால் ஃபில்டர் தாளின் கண் சில மைக்ரான்தானே, அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அதனால் குளிர்ப் பகுதி பெட்ரோல் பங்க்குகளில் மெழுகு குறைந்த, மண்ணெண்ணெய்ச் சாயலுள்ள குளிர்கால டீசல் கலந்து விற்பார்கள். நானோ இரண்டு நாள் முன்பு தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, குளிரே இல்லாத இடத்தில் டாங்கை நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன்.

"அப்படியானால் வழியிலேயே ஏன் நிற்கவில்லை?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஓடும்போது இன்ஜினுக்குப் போய் மிஞ்சுகிற டீசல் சூடாக டாங்குக்கே திரும்பி வருகிறது. அந்தச் சூட்டில் தெரியாமல் ஓடிவிட்டது. ராத்திரி எட்டு மணி நேரம் நின்றதும் குட்டு வெளிப்பட்டது.

மெழுகு கட்டாமல் இருக்க ஒரு மருந்து விற்கிறார்கள், ஆனால் கலங்குவதற்கு முன்னால் ஊற்றினால்தான் வேலை செய்யும். கட்டிய பிறகு ஊற்ற வேறு மருந்து. பெரியவரிடம் அது இருந்தது. டாங்கில் ஊற்றினோம். டாங்கின்மேல் தார்ப்பாயை மூடி, அடியில் சூடான காற்றடிக்கும் ப்ளோயர் வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நேராகத் தீ காட்டவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அந்த நேரத்தில்தான் ப்ளாக் ஹீட்டர் வயரைத் தொட்டுப் பார்த்து, ப்ரேக்கர் விஷயம் தெரிந்து, வேறு கம்பத்துக்கு மாற்றினேன். புது ஃபில்டர் போட்டு, கை பம்ப் அடித்து, டீசல் லைனில் புகுந்த ஏரை வெளியே எடுத்தேன். பம்ப் குமிழ் கெட்டிப்படும்வரை அடித்ததில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

அப்புறம் செல்ஃப். நாலாவது சுற்றில் சைலன்ஸரிலிருந்து வெள்ளையாக ஒரு கொத்துப் புகை. அதைப் பார்த்ததும் பெரியவர் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார், இன்ஜின் பிடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஒரு சிலிண்டர் தட்டி, இரண்டு தட்டி, கடகடவென்று உதறி ஒரு வழியாக நிலைக்கு வந்தது. கிளம்பினால் பின்சக்கரம் சுற்றவில்லை. ஈரத்தோடு ஹேண்ட் ப்ரேக் போட்டிருந்தேன், லைனிங் ட்ரம்மோடு உறைந்து ஒட்டியிருந்தது. சுத்தியலால் ட்ரம்மைத் தட்டி அதையும் விடுவித்தோம். அதற்குள் இருட்டிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பூத்த க்ளாம்ப்பைச் சுரண்டிப் போட்டும் மறுவாரமே லேசாகச் சுட்டது. இன்ஜின் பக்கத்து எர்த் கேபிளிலும் கோளாறு இருக்குமோ? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் ப்ளாக்குக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன், 0.8 வோல்ட் காட்டியது. அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. என்ன செய்யலாம் என்று தங்கச்சியிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ராத்திரி மைனஸ் 31 என்கிறார்கள். வயர் மாட்டியாகிவிட்டது. அரை மணி கழித்துப் போய் ப்ளாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்