காலி அட்டையைக் கேட்ட நர்ஸம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பாப்பாவுக்கு நாலாம் மாதம் நடக்கிறது. பெயர் வைத்த அன்று வந்திருந்த சொந்தபந்தங்களுக்கெல்லாம் என் மாமனார் மைக் பிடித்து நன்றி சொல்லிவிட்டார். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு அந்தப் பந்தலில் இல்லை. அழைப்பு வைத்தும், வேலையை விட்டு வர முடியாதவர்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நர்ஸம்மா, முதலில் உங்களுக்கு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் ட்யூப் லைட்தான் வெளிச்சம். வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். வயிற்றில் ஐந்து மாதமானபோது இடுப்பிலும் தொடையிலும் வலி ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு ஏறினேன். "மாசமா இருக்கற பொம்பளைக்கு வலிக்காம இருக்குமா" என்று கேட்காதவர் கிடையாது. காசு கொடுத்துப் பார்த்த ஓர் இடத்திலும் இதையே சொல்லித் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். நீங்கள் ஒருவர்தான் என்னை உட்கார்த்தி, எழச் சொல்லிப் பார்த்தீர்கள். "பகல்ல எங்க இருப்பீங்க அம்மிணி?" என்று கேட்டீர்கள். நம்மூரில் வெயிலுக்கா பஞ்சம் என்று மற்றவர்கள் சிரித்தபோது, அந்த வெயில் என் மேல் படுகிறதா என்று கேட்டவர் நீங்கள். தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டியை உண்டாக்கும், அது குறைந்தால் இப்படி எலும்பும் தசையும் வலிக்கும் என்பதற்காக.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரையிலேயே வைட்டமின் டியும் சேர்ந்திருக்கிறது என்பது உங்களிடம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியம், 250 அலகு டி. பதினாலாம் வாரத்திலிருந்து நாளுக்கு இரண்டு, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம். ஆனால் நீங்கள் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. சமையல்கட்டுக்கே வந்து, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரும்புச் சத்து மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளிவையுங்கள் என்று சொல்லி, காலண்டரில் பேனாவால் கட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் ஏற விடாது என்பதற்காக. அடுத்த தடவை வந்தபோது, "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவில்லை. "காலி அட்டையைக் காட்டுங்க" என்றீர்கள். நான்கு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். என் மாமியாருக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான், வீட்டுக்குள் வந்து குப்பையை எடுத்துக் காட்டச் சொல்கிறார்களே என்று. இப்போது ஊரெல்லாம் உங்கள் பெருமையைப் பேசுவது அவர்தான்.

டாக்டரம்மா, நர்ஸம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் தொடை எலும்பை அழுத்திப் பார்த்து, டி அளவை ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்றீர்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற பரிசோதனை இது இல்லை, உங்களுக்கு அறிகுறி இருப்பதால் கேட்கிறேன் என்பதையும் சேர்த்தே சொன்னீர்கள். முடிவு ஒரு மில்லிக்கு 9 நானோகிராம் என்று வந்தது. 20க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பார்கள். பயந்துபோய் உங்கள் முன் உட்கார்ந்தேன். நீங்கள் அவசரப்படாமல் விளக்கினீர்கள்: கடைசி மூன்று மாதத்தில் குழந்தை தன் எலும்புக்காகத் தாயிடமிருந்து கால்சியத்தை இழுக்கும், பிறக்கும்போது அதன் உடம்பில் 30 கிராம் அளவுக்குச் சேர்ந்திருக்கும். டியும் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகத்தான் அதற்குப் போகிறது; தாயிடம் இல்லையென்றால் குழந்தைக்கும் இல்லை. அப்படிப் பிறக்கிற சில குழந்தைகளுக்குக் கால்சியம் இறங்கி வலிப்புகூட வரும்.

தினம் 2,000 அலகு மாத்திரை எழுதினீர்கள். ஆபீஸில் ஒருவர், பாக்கெட்டில் வருகிற 60,000 அலகுப் பொடியைத் தினமும் பாலில் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ஏறிவிடும் என்று யோசனை சொன்னார். உங்களிடம் கேட்டபோது முகமே மாறிவிட்டது. வாரத்துக்கு ஒன்று என்று கொடுப்பதைத் தினமும் குடித்துவிட்டுச் சிறுநீரகம் கெட்டு வருகிறவர்கள் உண்டு, இது நீரில் கரைந்து போகிற சத்து இல்லை, கொழுப்பில் தங்கிவிடும் என்றீர்கள். நல்லவேளை கேட்டேன்.

உங்களுக்கு நான் அதிகம் கடன்பட்டிருப்பது இன்னொன்றுக்கு. டி ஏறிவிட்டால் பிரஷர் வராதா, சர்க்கரை வராதா, குழந்தை நல்ல வளர்த்தியாக இருக்குமா என்று வரிசையாகக் கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. மைசூரில் கர்ப்பிணிகளிடம் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு 20க்குக் கீழே இருந்தது, ஆனாலும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்றீர்கள். அந்தக் குறைவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பின்னாளில் கைத்தசை சற்றுக் குறைவாக இருந்ததையும் மறைக்கவில்லை. டாக்காவில் 1,300 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் டி கொடுத்தும் ஒரு வயதில் குழந்தைகளின் உயரம் கூடவில்லை என்றீர்கள். "பிரஷர் விஷயத்துல ஆராய்ச்சியெல்லாம் இன்னும் ஒத்துப்போகலைம்மா. உங்க எலும்பு வலிக்கும், பொறக்கப்போற குழந்தையோட கால்சியத்துக்கும்னு மட்டும் நினைச்சுச் சாப்பிடுங்க." இதைச் சாப்பிட்டால் குழந்தை அறிவாளியாகப் பிறக்கும் என்று விற்கிறவர்கள் மத்தியில், வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது, எது தெரியும் எது இன்னும் தெரியாது என்று ஒரு நோயாளிக்குப் பிரித்துச் சொல்ல நேரம் ஒதுக்கினீர்கள். எட்டாம் மாதத்தில் வயிறு முன்னைவிடப் பெரிது, ஆனால் கம்பியைப் பிடிக்காமல் படி ஏறினேன். கடைசியாகப் பார்த்தபோது அளவு 27.

கம்பெனியில் எங்கள் மேனேஜர் சார், மதியம் சாப்பிட்டதும் கால்மணி நேரம் கூடுதலாக வெளியே நடந்துவிட்டு வரலாம் என்று விட்டார். வருஷக் கணக்கு முடிக்கிற சமயம் அது. செக்கிங் பிரிவு அக்காக்கள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். "கறுத்துப்போயிருவே பாரு" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே முந்தானையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வாட்ச்மேன் தாத்தா அவர் நாற்காலியை வெயிலில் தூக்கிப் போட்டு உட்காரச் சொல்வார். டாக்டரம்மா இந்த நடையை நம்பி மாத்திரையைக் குறைக்கவில்லை. எனக்கு அந்தக் கால்மணி நேரம் வேறு காரணங்களுக்காகவும் தேவைப்பட்டது.

பாப்பா பிறந்த பிறகு குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்குத் தினமும் 400 அலகு டி சொட்டு மருந்து, ஒரு வயது வரை என்றார். வீட்டில் அன்றைக்குப் பெரிய விவாதம். "தாய்ப்பால்ல இல்லாத சத்தா? நாங்கெல்லாம் எண்ணெய் தேய்ச்சு எளவெயில்ல காட்டித்தானே வளர்த்தோம்" என்று மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். அடுத்த முறை அவரும் கூட வந்து அதை டாக்டரிடமே கேட்டார். டாக்டர் சார், நீங்கள் அவரை மட்டம் தட்டவில்லை. தாய்ப்பாலில் மற்றதெல்லாம் உண்டு, டி மட்டும் கொஞ்சம்தான் வரும். காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் டியை உண்டாக்குகிற கதிர் அந்த நேரத்தில் நம்மை வந்து சேர்வது ரொம்பக் குறைவு. ஜன்னல் கண்ணாடி அதையும் தடுத்துவிடும். அதற்காக உச்சிவெயிலில் பச்சைக் குழந்தையைப் போட முடியுமா என்று கேட்டீர்கள். "இளவெயில் காட்டுங்க பாட்டி, சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க" என்று முடித்தீர்கள். பாட்டி என்று கூப்பிட்டது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து சொட்டு மருந்துக்கு அவர்தான் பொறுப்பு. பாப்பாவை மடியில் சாய்த்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கும் வரை காத்திருந்து அடுத்ததை விடுவார். நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. அத்தை, நேரில் சொன்னால் "போ போ" என்பீர்கள், அதனால் இதிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்றி.

மெடிக்கல் கடைத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது பாட்டில் வாங்கப் போனபோது பழைய கம்பெனி மருந்து இல்லை. வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சில்லறை எண்ணியவர், சட்டென்று பாட்டிலைத் திரும்ப வாங்கி, பழைய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். பழையதில் 1 மில்லியில் 400 அலகு, புதியதில் 1 மில்லியில் 800. பழைய பழக்கத்தில் ஊற்றியிருந்தால் தினமும் இரட்டிப்பாகப் போயிருக்கும். மார்க்கரை எடுத்து, டிராப்பரில் அரை மில்லி கோட்டின் மேல் கறுப்பாக ஒரு வளையம் போட்டு, "இதுக்கு மேல ஏறக்கூடாதுங்க்கா" என்றார். பின்னால் வரிசை நின்றது, யாரோ சலித்துக்கொண்டார்கள். தம்பி அவசரப்படவில்லை. அந்த வளையம் அழிய அழிய என் மாமியார் மேலே புதிதாக வரைந்துகொண்டிருக்கிறார்.

மாதாமாதம் சத்துமாவை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்த அங்கன்வாடி டீச்சர், அதிகாலை நாலு மணிக்கு 108இல் வந்து பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிய அண்ணன், பிரசவ வார்டில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்ட, பெயர்கூடக் கேட்க மறந்த ஸ்டாஃப் நர்ஸ், ராத்திரி முழுக்க வராண்டாவில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்த என் தம்பி, எல்லோருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கும் உண்டு; தைலம் தேய்த்துத் தேய்த்து அவர் கைதான் வலித்தது.

நர்ஸம்மா, உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கால்சியம் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. போவதற்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கிழமையை மட்டும் சொல்லி அனுப்புங்கள், நான் லீவு போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா
திருப்பூர்