தண்ணீரில் நின்ற வண்டியை ‘நிற்கவில்லை’ என்று எழுதி விற்றது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: 14.06.2025 அன்று உங்கள் கிளையில் வாங்கிய 2019 மாடல் வேகன் ஆர் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரக் கோருதல்.

வணக்கம்.

உங்களுடைய இரண்டு தாள்கள் என் கையில் இருக்கின்றன. ஒன்று, வண்டி வாங்கும்போது நீங்கள் கொடுத்த சோதனை அறிக்கை. அதில் ‘வெள்ளப் பாதிப்பு: இல்லை’ என்று இருக்கிறது. இன்னொன்று, ஐந்து வாரம் கழித்து உங்கள் வொர்க்‌ஷாப் கொடுத்த ஜாப் கார்டு. அதில் ‘வாட்டர் டேமேஜ், வாரண்டியில் வராது’ என்று இருக்கிறது. இந்த ஐந்து வாரத்தில் சென்னையில் எந்த வெள்ளமும் வரவில்லை. என் தெருவில் முட்டியளவு தண்ணீர்கூட நிற்கவில்லை. அப்படியென்றால் ஒரே நிறுவனத்தின் இரண்டு தாள்களில் ஒன்று பொய். எது பொய் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

நான் எர்ணாவூரில் இருப்பவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதிக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அந்தக் கருப்புக் கோடு இருந்தது, சுண்ணாம்பு அடித்தும் இரண்டு தடவை மேலே வந்தது. என் பைக் அதிலேயே போய்விட்டது. அதனால் கார் வாங்கப் போன அன்று விலை கேட்பதற்கு முன்னால் நான் கேட்ட முதல் கேள்வியே, “தம்பி, இது தண்ணியில நின்ன வண்டியா?” என்பதுதான். உங்கள் விற்பனைப் பையன் அறிக்கையைத் திருப்பி அந்த வரியைக் காட்டி, “சார், எங்ககிட்ட வெள்ளத்துல அடிபட்ட வண்டி உள்ளயே வராது சார், நீங்க தைரியமா எடுங்க” என்றார். அந்த வரியை நம்பித்தான் பத்தாயிரம் டோக்கன் கொடுத்தேன். மொத்தம் 4,60,000 ரூபாய். அதில் பாதி என் மனைவியின் நகை.

கார் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கால் சென்டரில் பேசியவர்கள் இதை ஏதோ ஆசைக்கு வாங்கியது போலவே பேசுகிறார்கள். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். மெட்ரோ இருக்கிறது, விம்கோ நகரில் ஏறலாம், ஆனால் டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அவரால் பத்து அடி நடக்க முடியாது, அப்போது படி, எஸ்கலேட்டர் எல்லாம் சொல்லிப் பயனில்லை. ஜூலை 10, வியாழக்கிழமை, திரும்பி வரும்போது டோல்கேட் பக்கத்தில் டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது, வண்டி அப்படியே நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. ஏசி நின்றுவிட்டது. பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, மதியம் இரண்டு மணி வெயில். கதவைத் திறந்து அப்பாவைத் தூக்கி ஒரு டீக்கடை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கடைக்காரர் நல்ல மனதோடு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார், அதைக்கூட அப்பா குடிக்க முடியாது, அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்கிறது. உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டியை நீங்கள்தான் எடுத்துப் போனீர்கள். எட்டு நாள் வைத்திருந்துவிட்டு, இசிஎம்மில் (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) ஈரம் இறங்கி அதன் இணைப்புப் பின்கள் அரித்திருக்கின்றன, 38,000 ரூபாய் ஆகும், தண்ணீர் சேதம் என்பதால் வாரண்டி கிடையாது என்று போன் வந்தது. எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, நானே தேடுகிறேன் என்று தேட ஆரம்பித்தேன். நான் தேடியதில் எதுவும் பெரிய ரகசியம் இல்லை. எல்லாமே இந்த வண்டி உங்கள் கையில் இருந்தபோது உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தவைதான்.

முதலில் இன்சூரன்ஸ். ஜூலை 22-ஆம் தேதி பாலிசி முடிகிறது என்று புதுப்பிக்கப் போனால், தண்டையார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஏஜென்ட் அண்ணன் பழைய பாலிசியைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, என்சிபி பூஜ்யம்னு இருக்கு, போன வருஷம் கிளைம் எடுத்திருக்காங்களா?” என்று கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை, என்சிபி என்றால் ‘நோ கிளைம் போனஸ்’ என்று அவர்தான் விளக்கினார். கிளைம் எதுவும் எடுக்காமல் ஓட்டினால் முதல் வருடம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50 என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளைம் எடுத்தால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டுவிட்டாலும் போய்விடும், ஆனால் இந்த வண்டிக்கு ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. 2019 ஜூலையில் பதிவான வண்டிக்கு 2024 ஜூலையில் 50 இருந்திருக்க வேண்டும், இருந்தது பூஜ்யம். அதாவது 2023 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த நடுவில்தான் மிக்ஜாம் வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 4 வருகிறது. ஆர்சியில் முதல் ஓனரின் முகவரி பள்ளிக்கரணை. அன்றைக்குப் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை ஊரே பார்த்தது. இந்தப் பாலிசி நகல் நீங்கள் எனக்குக் கொடுத்த கோப்பில்தான் இருந்தது. கோப்பைத் தைத்துக் கொடுத்தவர் ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

அடுத்து எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மெஷின் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரைக்கும் வெளியே இழுத்தார். சாதாரணமாக நாம் இழுக்கிற அளவுக்கு மேலே, ரீலுக்குள்ளேயே சுற்றியிருக்கிற பகுதியில், காவி நிறத்தில் ஒரு கோடு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார், கீழே மூலையில் மெல்லிசாகக் காய்ந்த வண்டல். சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு. மேலே சீட் கவர் புதுசு, வாசனைக்கு டப்பா வேறு வைத்திருந்தீர்கள். அந்த டப்பாவை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு வந்த வாசனை 2023 டிசம்பரில் எங்கள் வீட்டு அலமாரிக்குள் வந்த அதே வாசனை. இதைப் பார்க்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. நீங்கள் எனக்குக் கொடுத்தது பத்துப் பக்க அறிக்கை.

பிறகு கார் தயாரித்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஆர்சியோடு போய், என் பெயரில் இருக்கிற வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் சர்வீஸுக்கு வந்தபோது 46,800 கிலோமீட்டர். டிசம்பரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், வெள்ளப் பாதிப்பு, இன்சூரன்ஸ் வேலை, கார்பெட், ஸ்டார்ட்டர் மோட்டார், மீட்டர் மாற்றம் என்று வரிசையாக இருக்கிறது. அடுத்த வரி 2024 ஜூன், 5,900 கிலோமீட்டர். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடியிருக்கிறது. நான் வாங்கியபோது மீட்டர் காட்டியது 21,600. ‘குறைந்த ஓட்டம்’ என்று விளம்பரத்தில் போட்டு அதற்கும் சேர்த்துத்தான் விலை சொன்னீர்கள். உண்மையில் வண்டி ஓடியது 68,000-க்கும் மேல். மீட்டரை நீங்கள் திருத்தினீர்கள் என்று நான் சொல்லவில்லை, தண்ணீரில் போனதால் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் நான்கு டயரிலும் 1023 என்று இருக்கிறது, அதாவது 2023-இல் பத்தாவது வாரம் செய்த டயர். இருபதாயிரம் சொச்சம் ஓடிய 2019 வண்டிக்கு எதற்கு நான்கு டயரும் மாறியிருக்கிறது என்று உங்கள் சோதனைக்காரர் ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் அந்தப் பிரிண்ட் உங்களுக்கு அன்றைக்கே கிடைத்திருக்கும்.

நானும் சோதிக்காமல் வாங்கவில்லை. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கிறதா, வரி, இன்சூரன்ஸ் எதுவரை என்று எல்லாம் சரியாக இருந்தது. சலானும் இல்லை. சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டேன். ஆனால் வண்டி தண்ணீரில் நின்றதா, மோதியதா என்று அந்தத் தளம் சொல்லாது. அது பேப்பரின் வரலாறுதான். வண்டியின் உடம்புக்கு என்ன நடந்தது என்பது இன்சூரன்ஸிலும் சர்வீஸ் சென்டரிலும் இருக்கிறது, அந்த இரண்டையும் பார்க்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லித்தான் வெளியில் புரோக்கர் கேட்டதைவிட நாற்பதாயிரம் அதிகம் வாங்கினீர்கள். நான் அதிகம் கொடுத்தது அந்த நிம்மதிக்காகத்தான்.

கடைசியாகப் பேசிய உங்கள் அதிகாரி, “பழைய ஓனர் எங்களிடமும் மறைத்துவிட்டார், நாங்கள் நடுவில் இருப்பவர்கள்” என்றார். பில் உங்கள் பெயரில் இருக்கிறது, பணம் உங்கள் கணக்குக்குத்தான் வந்தது. அதோடு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி விற்கிற டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், ஓனர் வண்டியை ஒப்படைத்ததைத் தெரிவித்த பிறகு அந்த டீலர்தான் ஓனராகக் கருதப்படுவார். எனவே எனக்கு விற்றவர் நீங்கள். பழைய ஓனர் உங்களை ஏமாற்றியிருந்தால் அதை அவரிடம் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், அந்தக் கணக்கில் என் அப்பாவை இழுக்காதீர்கள்.

நான் கேட்பது இதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு 4,60,000 ரூபாயையும், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் புதுப்பித்தல் இரண்டுக்கும் நான் கட்டியதையும், ஜூலை 10-லிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்துவரும் பணத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ரசீதுகள் இணைப்பில் இருக்கின்றன. 38,000-த்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வேண்டாம், ஈரம் இறங்கிய வயரிங் ஒரு இடத்தில் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் கிளம்பும் என்று மெக்கானிக் சொல்கிறார், அதில் மறுபடி அப்பாவை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன், இது பணம் இல்லை. உங்கள் கிளையில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் சர்வீஸ் வரலாற்றுப் பிரிண்டையும் கடைசிப் பாலிசி நகலையும் டோக்கன் வாங்குவதற்கு முன்னால் காட்டுங்கள். நான் அங்கே இருந்த அன்று எண்ணூரிலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து பக்கத்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். வரவில்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். வாங்குபவர் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கனவே பதிவு செய்துவிட்டேன்.

வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, உங்கள் ஜாப் கார்டு போட்ட பிறகு எதையும் கழற்றவில்லை, யார் வந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். செவ்வாய், வியாழன், சனி மட்டும் வர வேண்டாம். அந்த நாட்களில் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
எர்ணாவூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சோதனை அறிக்கை, ஜாப் கார்டு, 2024 பாலிசி நகல், சர்வீஸ் வரலாற்றுப் பிரிண்ட், சீட் பெல்ட் மற்றும் ஸ்டெப்னி இடத்தின் படங்கள், ரசீதுகள்.