கேஸ்கட் இல்லாத குக்கரைத் தானம் செய்யாதீர்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் இருக்கும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். போகிக்கு யாரும் எதையும் கொளுத்த வேண்டாம், வேண்டாத பொருள்களைக் கீழே கொண்டுவந்து குவியுங்கள், சங்கமே ஆற்றங்கரைக் குடிசைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துப் போடும் என்கிறது. கொளுத்த வேண்டாம் என்றதற்கு என் ஓட்டு உண்டு. 2018 போகியன்று புகையில் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். நம் மொட்டை மாடியில் நின்றால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. அறிவிப்பின் தலையில் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று போட்டிருக்கிறீர்கள். பவணந்தியார் நன்னூலில் அதைச் சொன்னது மொழிக்கும் இலக்கணத்துக்கும், உடைந்த சோபாவுக்கு இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

எனக்கு உறுத்துவது ‘வேண்டாத பொருள்கள்’ என்ற இரண்டு சொல்தான்.

உங்களில் பாதிப் பேர் 2015 வெள்ளத்துக்குப் பிறகு குடிவந்தவர்கள். அப்போது நாங்கள் இதே தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த வெள்ளம் என்றாலே ஊர் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் பேசுகிறது. அந்த ஏரித் தண்ணீர் அடையாற்றில் சேர்வது, ஆற்றின் போக்கில் நம்மைத் தாண்டி, திருநீர்மலைப் பக்கம். நம்மை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. ராத்திரி கட்டில் காலைத் தொட்ட தண்ணீர் விடிவதற்குள் ஸ்விட்ச் போர்டுக்கு வந்துவிட்டது. கட்டிய துணியோடு மாடி வீட்டுக்கு ஏறினோம்.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது லாரியில் நிவாரணம் வந்தது. எந்த ஊர், யார் அனுப்பியது, தெரியாது. நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார்கள். எனக்குக் கிடைத்த மூட்டையை அவிழ்த்தேன். ஜிப் போன பேன்ட், அக்குளில் கிழிந்த நைட்டி, ஜம்கி வைத்த பட்டுப் பாவாடை, இடது கால் ஷூ மட்டும். அடியில் ஒரு பிரஷர் குக்கர். ஆசையாக எடுத்துத் திறந்தால் கேஸ்கட் இல்லை, வெயிட்டும் இல்லை. ஒரு கடைகூடத் திறக்காத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூட்டை கொடுத்த பையன், ‘போட்டோக்குக் கொஞ்சம் சிரிங்க அக்கா’ என்றான். சிரித்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்கியவள் சொல்கிறேன், பார்க்கத்தான் செய்வோம். வெளியே சொல்ல மாட்டோம்.

அந்த வாரமே தெருமுனையில் பழந்துணி மலையாகக் கிடந்தது. சேற்றோடு சேர்த்து அதையும் அள்ள வேண்டி வந்தது, வெளியூர்களிலிருந்து வந்திருந்த தூய்மைப் பணியாளர்களுக்கு.

மாடி வீட்டு அக்கா கொடுத்தது ஓர் இட்லிப் பானை. கழுத்தில் அவர் பெயரும் 1989 என்று கல்யாண வருடமும் வெட்டியிருந்தது. அம்மா வீட்டுச் சீர். இது வேண்டாம் அக்கா என்றேன். ‘எனக்கு இன்னொண்ணு இருக்கு. நீ எதுல இட்லி ஊத்துவ?’ என்றார். தட்டுகளைத் தேய்த்துக் காயவைத்து, குழிமேல் விரிக்கும் வெள்ளைத் துணியைப் புதிதாக வட்டமாக நறுக்கி, ஓரம் அடித்து, மடித்து உள்ளே வைத்திருந்தார். வீடு போனபோது வராத அழுகை அந்தத் துணியைப் பார்த்ததும் வந்தது. அவர்கள் பிறகு மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார்கள். நன்றி என்று வாய்விட்டு நான் இதுவரை சொன்னதில்லை. அக்காவிடம் போய் எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது? பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வேன். இட்லி எப்படி வருது என்று கேட்பார்.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. எல்லாம் போன பிறகு எதையும் விட மனசு வரவில்லை. இரண்டாம் மாடிக்கு வந்த பிறகும் ஐஸ்கிரீம் டப்பாவைக்கூடக் கழுவிப் பரணில் ஏற்றினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் பக்கம் மறுபடி படகு வந்தபோது, சேர்த்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மார்கழியில்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். பதினான்கு பெட்ஷீட். அதில் ஐந்து, 2015 நிவாரணத்தில் வந்து பாலிதீன் உறைகூடப் பிரிக்காதவை. யாரோ போர்த்திக்கொள்ளக் கொடுத்ததைப் பத்து வருஷம் தூங்க வைத்திருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். குவியலும் வேண்டாம், படமும் வேண்டாம். மீட்டர் ரூமை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் அறையைப் பொங்கல்வரை திறந்து கொடுங்கள். திருநெல்வேலியில் 2017-இல் மாவட்ட நிர்வாகம் ‘அன்புச் சுவர்’ வைத்தது. ஈரானில் மஷாத் நகரத்தில், 2015 குளிர்காலத்தில், ஒரு சுவரில் கொக்கி அடித்துக் குளிருக்கான உடைகளை மாட்டியதிலிருந்து பரவிய வழக்கம் அது. வைப்பவர் வைப்பார், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். நமக்கும் அது போதும். குடிசைகளுக்கு மட்டும் என்று ஏன் எழுத வேண்டும்? நம் பிளாக்குகளிலேயே வேலை போன வீடுகள் இருக்கின்றன. கேட்க மாட்டார்கள். ராத்திரி வந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த வாசலைப் பார்க்கும் சிசிடிவியையும் கொஞ்சம் திருப்பி வைத்தால் நல்லது.

உடைந்தது காயலான் கடைக்குப் போகட்டும், வரும் காசு சங்கத்துக்கு. கிழிந்ததை ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் குப்பை என்று சொல்லியே கொடுப்போம். தானம் என்று பேர் வைத்து அவர் வீட்டுக்கே அனுப்ப வேண்டாம்.

என் பங்கு தயார். பெட்ஷீட்களை அலசி வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். பரணிலிருந்து இறங்கிய ஐந்து லிட்டர் குக்கருக்கு நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் கேஸ்கட் வாங்கிப் போட்டு, பருப்பு வேகவைத்துப் பார்த்தேன். கைப்பிடி லேசாக ஆடியது, ஸ்க்ரூவை முடுக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சி பிளாக் பெண்கள் இரண்டு பேரும் அறையைப் பெருக்கித் துடைக்க வருகிறோம். சாவி செயலாளரிடம் இருப்பதாக வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். சனிக்கிழமை ராத்திரிக்குள் அவரிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஏ பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து
ஓர் உறுப்பினர்