சோதித்துப் பார்க்காமல் டீசல் பம்ப்பை மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர்,
தாளவாடி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வண்டித் தயாரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் தேவையின்றி டீசல் பம்ப் மாற்றப்பட்டது, பழைய பம்ப்பும் பணமும் கோருதல்.

ஐயா,

தங்கள் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் தயாரித்த டீசல் பிக்கப் ஒன்று என்னிடம் உள்ளது. தாளவாடியிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதை வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், திரும்பும்போது உர மூட்டைகளுடன் அதே 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதுமே என் தொழில். வண்டியை நானே ஓட்டுகிறேன். வேறு வருமானம் எனக்கில்லை.

சென்ற மழைக்காலத்தில் வண்டியில் ஒரு கோளாறு தொடங்கியது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நெடுநேரம் சுற்றும், சைலன்சரில் புகைகூட வராது. ஃபில்டர் மேலுள்ள ஹேண்ட் பிரைமரை (கையால் அழுத்தி டீசலை ஏற்றும் சிறு பம்ப்) அது இறுகும்வரை அழுத்திவிட்டால் என்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். சூடேறிய பிறகு பகல் முழுவதும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும்; ஆனால் மலையடிவாரத்தில் உள்ள பண்ணாரி தாண்டி லோடுடன் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் இழுக்காமல் திணறும். இவை அனைத்தையும் தங்கள் சர்வீஸ் சென்டரில் விளக்கமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் எழுதப்பட்டதோ 'ஸ்டார்ட்டிங் டிரபிள்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

நான் சொன்ன அறிகுறிகளைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தாலே போதும் என்பதுதான் என் முதல் குறை. டீசல் பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அது சூட்டில்தான் முதலில் வெளிப்படும். சூடான டீசல் நீர்த்து, பம்ப்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்த இடைவெளியில் கசிவதால், டீசலை என்ஜினுக்குள் தெளிக்கும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் சேராது. என் வண்டியோ சூட்டில் ஸ்டார்ட் ஆவதில் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. இரவெல்லாம் நின்ற பிறகு மட்டும் புகையே இல்லாமல் சுற்றுகிறது, பிரைமர் அடித்தால் பிடிக்கிறது என்றால், டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பாதையில் எங்கோ காற்று புகுகிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். இந்த வண்டியில் அந்தப் பாதையில் உள்ள டீசலைப் பம்ப்தான் உறிஞ்சுகிறது. ஆகவே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஓட்டத்தின்போது டீசல் வெளியே ஒழுகாது, வெளிக்காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். தரையில் ஒரு சொட்டும் இல்லையே என்று பார்த்துவிட்டுப் பாதை சரியாக இருக்கிறது என முடிவு கட்டுவது தவறு.

இதை உறுதிசெய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஹோஸ் மாட்டி, என்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். அல்லது டேங்க் பாதையைத் துண்டித்துவிட்டு ஒரு கேனில் வைத்த டீசலைப் பம்ப் நேராக உறிஞ்சும்படி செய்து பார்க்கலாம். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் புதிய பம்ப்பை மாட்டி, வேலைக் கூலியுடன் 41,500 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே அதே கோளாறு திரும்பியது. அதற்கு மேல் என்ஜினில் முன்பு இல்லாத, தட்டுவது போன்ற கடுமையான நாக்கிங் சத்தமும் சேர்ந்துகொண்டது. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தியபோது, "வண்டி பழசுங்க, இனி என்ஜினையே பிரிச்சுப் பார்த்தாத்தானுங்க தெரியும்" என்று சூப்பர்வைசர் சொன்னார். பழைய வண்டி என்பது கோளாறுக்குக் காரணம் ஆகாது. அது சோதிக்காமல் விட்டதற்குச் சொல்லப்படும் சாக்கு என்றே நான் கருதுகிறேன்.

பிறகு கோபிசெட்டிபாளையத்தில் பம்ப்-நாசில் வேலை பார்க்கும் ஒரு கடையில் வண்டியை விட்டேன். கண்ணாடி ஹோஸில் குமிழிகள் தொடர்ந்து ஓடியதை என் கண்ணாலேயே பார்த்தேன். கேனிலிருந்து டீசல் கொடுத்தபோது ஒரு குமிழிகூட இல்லை. டேங்க் அருகே சேஸிஸில் உரசி, கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்த ரப்பர் ஹோஸ்தான் காரணம். ஹோஸும் இரண்டு கிளிப்புகளும் கூலியுமாக 650 ரூபாயில் வேலை முடிந்தது. பம்ப் டைமிங்கை (டீசல் தெளிக்கப்படும் நேரத்தை) டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்து அளந்தபோது, அது அளவுக்கு மீறி அட்வான்ஸில், அதாவது முன்னதாகவே தெளிக்கும்படி, வைக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் நாக்கிங் நின்றது. இன்றுவரை காலையில் பிரைமரைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

திம்பம் சாலை புலிகள் காப்பகத்துக்குள் செல்வது. இரவுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. ஏற்றத்தில் இழுவை விட்டுப்போகும் வண்டியைச் சரியாகிவிட்டது என்று சொல்லி ஒருவரிடம் ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தாங்கள் உணர வேண்டும்.

கழற்றிய பழைய பம்ப் இதுவரை என்னிடம் தரப்படவில்லை. அதை என் முன்னிலையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சோதித்து, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் டீசல் அளவை எழுதித் தர வேண்டும். அது நல்ல நிலையில் இருந்தால் அதையே எனக்குத் திருப்பிக் கொடுத்து, புதிய பம்ப்பை எடுத்துக்கொண்டு, பில் தொகை முழுவதையும் டைமிங் சரிசெய்த செலவையும் வழங்க வேண்டும். உறிஞ்சும் பாதையைச் சோதித்த குறிப்பு ஜாப் கார்டில் இல்லாமல் எந்தப் பழைய வண்டிக்கும் பம்ப் மாற்றக் கூடாது என்று தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தவும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மலையில் இதே மாடல் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

சரக்கு வண்டி என்பதால் இது நுகர்வோர் வழக்கில் வராது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லப்பட்டது. ஆனால் வண்டியை வாங்கிச் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே ஆவார். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். இரண்டு பில்களின் நகல்களையும், ஜாப் கார்டு நகலையும், வெடித்த ஹோஸின் புகைப்படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். அந்த ஹோஸைச் சாட்சியாக என்னிடமே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வண்டி உரிமையாளர்