மாடு கன்று போட்டதை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 7 வந்தால் பள்ளிகளில் கொடிநாள் வசூல் நடக்கும். 1949-லிருந்து நடப்பது, முன்னாள் படைவீரர் நலனுக்கும் போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் போகிற பணம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் பேத்தியிடம் "எதுக்கும்மா இந்தக் கொடி?" என்று கேட்டால், "மிஸ் பத்து ரூபா எடுத்துட்டு வரச் சொன்னாங்க தாத்தா" என்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். காஷ்மீரில் இருந்தபோது ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வாழ்த்து அட்டைகள் கட்டாக வந்தன. டாக் வந்தால் எல்லோரும் ஓடுவோம் (தபாலுக்கு அங்கே டாக் என்றுதான் பேர்). பிரித்தால் நாற்பது அட்டையிலும் ஒரே வாசகம், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. ஒன்றில் மட்டும் ஒரு பையன் கீழே கோணலாக, எங்கள் வீட்டு மாடு நேற்று கன்று போட்டது, சீம்பால் சாப்பிட்டோம், உங்களுக்கு அங்கே பால் கிடைக்குமா என்று எழுதியிருந்தான். தமிழ் படிக்கத் தெரியாத ஆந்திரா, கேரளா ஆட்கள்கூட அதை என்னிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு வாரம் அந்த மாட்டைப் பற்றித்தான் பேச்சு.

ஆகவே ஆசிரியர்களே, கொடிநாளுக்குப் பட்டாளத்துக்காரர்களுக்கு வாழ்த்து எழுத வைத்தால் பிள்ளைகளை அவர்கள் போக்கில் எழுத விடுங்கள், பிழை இருந்தால் இருக்கட்டும். யாருக்கு அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம், அப்பாவோ மாமாவோ பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைகள் நம் பக்கத்துப் பள்ளிகளில் நிறையவே இருக்கிறார்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட் (படைப்பிரிவு), அதன் கீழே அந்த யூனிட்டுக்குரிய பின்கோடும் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்பதும் (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்), அவ்வளவுதான் முகவரி. யூனிட் எந்த ஊரில் இருக்கிறது என்று உறையில் எழுதவே கூடாது, வாட்ஸ்அப்பிலும் போடக் கூடாது. பார்சல் அனுப்பினால் நிப்பட்டு, முறுக்கு, எள்ளுருண்டை தாங்கும். மாம்பழம் வேண்டாம், நம் கிருஷ்ணகிரிப் பெருமை போய்ச் சேரும்போது குழம்பாகிவிடும்.

கடிதத்தைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதை யாரும் உதவியாகவே நினைப்பதில்லை. சிப்பாய்க்கு வருடாந்திர லீவு 60 நாள். அதையும் ஒரே மூச்சில் தர மாட்டார்கள். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே இல்லாததால் ஜோலார்பேட்டையிலோ பெங்களூரிலோ இறங்கி மூட்டையோடு பஸ் பிடித்து வருகிறவன், மறுநாளே பட்டா மாறுதலுக்கு வரிசையில் நிற்கிறான். நானும் ஒரு லீவில் பதினோரு நாள் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன், கையெழுத்து வந்ததோ நான் திரும்பிப் போன பிறகு. வீட்டில் வரப்புத் தகராறு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற நினைப்போடு பாரா நிற்பவனால் அவனுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. யூனிட்டுக்கு உதவுவது என்றால் முதலில் அவன் வீட்டைப் பார்த்துக்கொள்வதுதான் என்பேன்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். பட்டாளத்தான் வீட்டுப் பெண் பேங்குக்கோ இ-சேவை மையத்துக்கோ போனால் ஒருவர் கூடப் போவோம். கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கும் படையினர் குடும்பங்களுக்கும் தனியாகக் குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள், அதற்கு மனு எழுதித் தருவோம். யூனிட் கமாண்டிங் ஆபீசரே கலெக்டருக்குக் கடிதம் போடலாம் என்பதுகூடப் பல வீடுகளில் தெரியாது. காலேஜ் பிள்ளைகள், என்எஸ்எஸ்காரர்கள் இதைச் செய்தால் எங்களைவிட வேகமாக முடியும், எங்களுக்கு முழங்கால் வலி.

அப்புறம் இன்னொன்று. அப்பாவை எல்லைக்கு மாற்றிவிட்டால் பல குடும்பங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊர் திரும்பும், நடு வருஷத்தில்கூட. இந்தியில் படித்த பிள்ளை தமிழில் தடுமாறும். பள்ளிகள் அந்தப் பிள்ளையைச் சலிக்காமல் சேர்த்து, மாலையில் அரை மணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுத்தால் போதும்.

சரி, அந்த மாட்டுக்காரப் பையனுக்குப் பதில் எழுத வேண்டும் என்று நான் இன்லேண்ட் எடுத்து வைத்தேன். அட்டையில் பள்ளியின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, கட்டு வந்த உறையையும் யாரோ கிழித்துப் போட்டுவிட்டார்கள். இந்த வருடம் எழுத வைக்கிற ஆசிரியர்கள் ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் பள்ளி முகவரியைப் பின்கோடோடு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.