பாதயாத்திரை மோர்ப் பந்தலுக்கு ஆள் தேவை

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். சென்னையிலிருந்து நடப்பவர்கள் நாலைந்து நாள் முன்பே கடலூரைத் தாண்டத் தொடங்கிவிடுவார்கள். நம் பந்தல் 24 முதல் 27 வரை, சிதம்பரம் சாலையோரம், அதே புளியமரத்தடியில். காலை 5 முதல் 9, மாலை 4 முதல் இரவு 10. உச்சிவெயிலில் நடப்பவர்கள் குறைவு.

மோரைவிட அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது வெந்நீரும் கால் நீட்ட ஓர் இடமும்தான். போன வருடம் பாதமெல்லாம் கொப்புளத்தோடு வந்த ஓர் அம்மா, கால் கழுவிவிட்டதும் அழுதுவிட்டார். அதை இன்னும் மறக்க முடியவில்லை. கொப்புளத்தை யாரும் உடைக்க வேண்டாம். கழுவித் துடைத்து, சுத்தமான துணியால் கட்டினால் போதும்.

காவி உடுத்தி நடப்பவர்களில் இந்து சகோதரர்களும் நிறைய. யாரிடமும் மதம் கேட்காதீர்கள், துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். ஜெபிக்கச் சொன்னால் மட்டும் கூட நின்று ஜெபியுங்கள்.

பிளாஸ்டிக் கப் 2019 முதலே தடை. அதனால் அக்காமாரே, உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டு வாருங்கள், அடியில் பெயர் எழுதி. இரவு முறைக்குத் தம்பிகள்தான் வேண்டும். வெளிர்நிறச் சட்டை போட்டு வாருங்கள், லாரிகள் வேகமாக வரும்.

வருகிறவர்கள் நாளும் நேரமும் ஞாயிறு திருப்பலிக்குள் இங்கேயே போடுங்கள்.